உடலும் ஓர் அமானிதம்: கணினி முன் அமர்ந்து பணியாற்றுவோர் கவனத்திற்கு

பள்ளிவாசலின் ஓரத்தில் போடப்பட்டிருக்கும் நாற்காலிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்பெல்லாம் அவற்றில் அமர்ந்து தொழுபவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்த பெரியவர்களாக இருப்பார்கள். இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயதுச் சகோதரர்களும் அங்கே வந்து அமர்கிறார்கள். "என்ன பாய், உடம்புக்கு என்ன?" என்று கேட்டால், "இடுப்பு வலி, டாக்டர் குனிய வேண்டாம்னு சொல்லியிருக்கார்" என்று பதில் வருகிறது. என்ன வேலை என்று கேட்டால், "ஆபீஸ் வேலைதான், நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி" என்கிறார்கள்.

நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு வழிகாட்டியதை புகாரியில் காண்கிறோம். இது நோயாளிகளுக்கு அல்லாஹ் தந்த சலுகை. அதைப் பயன்படுத்துபவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தவிர்த்திருக்கக்கூடிய ஒரு வலியால், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்யும் பாக்கியத்தை நாற்பது வயதிலேயே இழக்கலாமா?

எல்லா இடுப்பு வலிக்கும் நாற்காலியும் மேசையும்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. எடை, வயது, விபத்து, பரம்பரை, வேறு நோய்கள் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாட்கள், இருபது முப்பது வருடங்கள் நாம் எப்படி அமர்கிறோம் என்பது நம் கையில் இருக்கும் காரணம். அதைச் சரிசெய்யப் பெரிய செலவும் தேவையில்லை.

மார்க்கம் சொல்லும் உரிமை

பகல் முழுவதும் நோன்பும் இரவு முழுவதும் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், அவருடைய உடலுக்கும் கண்களுக்கும் குடும்பத்தாருக்கும் அவர் மீது உரிமை இருப்பதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். இந்த ஹதீஸும் புகாரியில் இடம்பெற்றுள்ளது. வணக்க வழிபாட்டிலேயே உடலை மறந்துவிடக் கூடாது என்றால், மாதச் சம்பளத்துக்கான வேலையில் மறப்பதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

மறுமை நாளில் மனிதனிடம் கேட்கப்படும் கேள்விகளில், உடலை எதில் தேய்த்துக் கழித்தான் என்பதும் ஒன்று என திர்மிதியில் பதிவாகியுள்ள நபிமொழி எச்சரிக்கிறது. ஹலாலான சம்பாத்தியத்துக்காக உழைப்பது நன்மைக்குரிய செயல். அந்த உழைப்புக்குக் கருவியாக இருக்கும் உடலைப் பேணுவதும் அதைச் சேர்ந்ததே.

இது கணினி வந்த பிறகு தோன்றிய பிரச்சினையும் அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர்களின் நோய்கள் குறித்த தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றியும் எழுதினார். அவர்களது உபாதைகளுக்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி இடைவிடாமல் அசைப்பது, பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். முந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இறகுப் பேனாவின் இடத்தில் கீபோர்டு வந்திருக்கிறது. காரணங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

உட்கார்ந்தே இருந்தால் உடலுக்கு என்ன ஆகிறது?

"நான் என்ன மூட்டையா தூக்குகிறேன், உட்கார்ந்துதானே இருக்கிறேன்?" என்று பலரும் நினைக்கிறோம். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்து முன்பக்கம் நீட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பாட்டிலின் எடை கூடவில்லை; ஆனால் கை கடுக்கத் தொடங்கிவிடும். அசையாமல் இறுகிய நிலையிலேயே தசை இருக்கும்போது அதற்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, களைப்பு சேர்கிறது. தோளை உயர்த்தியபடியும் கழுத்தை நீட்டியபடியும் மணிக்கணக்கில் தட்டச்சு செய்பவரின் தசைகளுக்கு நடப்பது இதுதான்.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. அது முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்துக்குப் பாரம் தெரியாது. தலை முன்னே சாயச் சாய, அதைப் பிடித்து நிறுத்தக் கழுத்துத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். 60 டிகிரி அளவுக்குக் குனிந்தால் கழுத்தின் மீது விழும் சுமை ஏறத்தாழ 27 கிலோவுக்குச் சமம் என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் 2014ல் கணக்கிட்டு வெளியிட்டார். இது கணக்கின் வழியே கிடைத்த மதிப்பீடுதான் என்றாலும், குனிந்தே இருந்தால் கழுத்து ஏன் வலிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

முதுகெலும்பின் எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும்போதுதான் நீரும் சத்தும் அவற்றுக்குள் போய் வருகின்றன. எனவே முதுகுக்கு மிகவும் தேவைப்படுவது அசைவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும்.

வரிசை முக்கியம்: முதலில் நாற்காலி, கடைசியில் திரை

இடத்துக்கு ஏற்ப உடலை வளைத்துக்கொள்ளக் கூடாது; உடலுக்கு ஏற்ப இடத்தை மாற்ற வேண்டும். எர்கோநாமிக்ஸ் என்ற துறை சொல்வதன் சுருக்கம் இவ்வளவுதான். பலர் செய்யும் தவறு, கழுத்து வலித்ததும் மானிட்டரை மட்டும் நகர்த்துவது. நாற்காலியின் உயரம் மாறினால் மற்ற எல்லாமே மாறிவிடும். ஆகவே கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு அளவு நாடாவும் பதினைந்து நிமிடமும் போதும். உடன் பணிபுரியும் ஒருவரிடம் சொல்லி, நீங்கள் வேலை செய்யும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். நாம் எப்படி அமர்ந்திருக்கிறோம் என்பது நமக்கே அப்போதுதான் தெரியும்.

1. நாற்காலி

இருக்கையின் பின்கோடி வரை நகர்ந்து, முதுகு சாய்மானத்தில் படும்படி அமருங்கள். இருக்கையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு அமர்ந்தால் எவ்வளவு விலை உயர்ந்த நாற்காலியாலும் பயனில்லை. சாய்மானம் செங்குத்தாக நிற்க வேண்டியதில்லை. 100 முதல் 110 டிகிரி வரை சற்றுப் பின்சாய்ந்திருப்பது முதுகுக்கு இதமானது.

பெல்ட் அணியும் இடத்துக்குச் சற்று மேலே, இடுப்பின் உள்வளைவுக்குத் தாங்கல் வேண்டும். நாற்காலியில் அது இல்லையென்றால் ஒரு டவலைச் சுருட்டி அந்த இடத்தில் வையுங்கள்.

முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். விளிம்பு காலை அழுத்தினால் கால் மரத்துப்போகும். குட்டையான உடல்வாகு உள்ள சகோதரிகளுக்குப் பெரிய நாற்காலிகளில் இந்தப் பிரச்சினை அதிகம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து இருக்கையின் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆண்களுக்கு ஒரு சிறு குறிப்பு: பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்து மேசையின் இழுப்பறையில் வைத்துவிட்டு அமருங்கள். தடித்த பர்ஸின் மேல் மணிக்கணக்கில் அமர்ந்தால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்வதுடன், காலுக்குச் செல்லும் நரம்பும் அழுத்தப்படலாம்.

2. மேசையின் உயரமும் பாதங்களும்

நம் ஊர் அலுவலக மேசைகளில் பெரும்பாலானவை சுமார் 75 செ.மீ உயரம் கொண்டவை. 165 செ.மீ உயரமுள்ள ஒருவர், பாதம் தரையில் படும்படி அமர்ந்தால் அவருடைய முழங்கை ஏறத்தாழ 65 செ.மீ உயரத்தில் இருக்கும். மேசை முழங்கையைவிட 10 செ.மீ மேலே நிற்கிறது. அந்த 10 செ.மீட்டரை ஈடுகட்ட அவர் தோள்களைத் தூக்கிக்கொண்டே நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறார். மாலையில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே கல்லாக இறுகியிருப்பது இதனால்தான்.

மேசையைத் தாழ்த்த முடியாது என்றால் நாற்காலியை உயர்த்துங்கள். தோள்களைத் தளர்த்தி, மேல்கைகளை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கினால் அது கீபோர்டின் உயரத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வர வேண்டும். இப்போது பாதங்கள் தரையில் படாமல் தொங்கும். அவற்றுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். 500 தாள்கள் கொண்ட ஏ4 காகிதக் கட்டு ஒன்றின் உயரம் சுமார் 5 செ.மீ. பிரிக்காத இரண்டு கட்டுகளை வைத்து எவ்வளவு உயரம் உங்களுக்குச் சரிவரும் என்று பார்த்துவிட்டு, பிறகு அந்த அளவில் தச்சரிடம் ஒரு பலகை செய்துகொள்ளலாம்.

மேசையின் கீழே சிபியூ, பழைய ஃபைல்கள், அட்டைப் பெட்டிகள் என்று அடைத்து வைக்காதீர்கள். கால்களை நீட்டி மடக்க இடம் வேண்டும்.

3. கீபோர்டும் மவுஸும்

கீபோர்டில் 'ஜி', 'எச்' எழுத்துகள் உங்கள் தொப்புளுக்கு நேராக இருக்கட்டும். வலப்பக்கம் எண்கள் இருக்கும் பகுதியையும் சேர்த்து நடுவில் வைத்தால், எழுத்துகளைத் தட்டும்போது உடல் இடப்பக்கம் திரும்பியே இருக்கும். கணக்குப் பிரிவில் எண்களையே அதிகம் அடிப்பவர்கள் மட்டும் அந்தப் பகுதி வலக்கைக்கு நேராக வருமாறு சற்று நகர்த்திக்கொள்ளலாம்.

மணிக்கட்டு மேலும் கீழும் வளையாமல் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கீபோர்டின் பின்னால் உள்ள சிறு கால்களை நிமிர்த்தி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது மணிக்கட்டை மேல்நோக்கி மடக்குகிறது, மடித்துவிடுங்கள்.

மவுஸ், கீபோர்டை ஒட்டி அதே உயரத்தில் இருக்க வேண்டும். கையை நீட்டி எட்டிப் பிடிக்கும் தூரத்தில் மவுஸை வைத்தால் தோள் வலி நிச்சயம். மணிக்கட்டை மட்டும் திருப்பாமல் முழங்கையிலிருந்து கையை நகர்த்துங்கள். நாற்காலியின் கைப்பிடி மேசையில் இடித்து உங்களை மேசைக்கு அருகே வரவிடாமல் தடுத்தால், அதைத் தாழ்த்துங்கள் அல்லது கழற்றிவிடுங்கள்.

4. திரை

நேராக அமர்ந்து கையை முன்னே நீட்டினால் விரல்நுனி தொடும் தூரம், அதாவது சுமார் 50 முதல் 70 செ.மீ, திரைக்கு ஏற்ற இடம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். கண்கள் இயல்பாகவே சற்றுக் கீழ்நோக்கிப் பார்க்கும்போது சிரமப்படுவதில்லை.

எழுத்து தெரியவில்லை என்று முகத்தைத் திரைக்கு அருகே கொண்டு போகாதீர்கள்; எழுத்தைப் பெரிதாக்குங்கள். பல மென்பொருள்களில் கன்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடி கூட்டல் குறியைத் தட்டினால் போதும்.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி அணிபவர்கள், அதன் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் திரையை இன்னும் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். கண் மருத்துவரிடம் திரை இருக்கும் தூரத்தைச் சொல்லி, கணினிக்கென்று தனிக் கண்ணாடி வாங்குவதும் நல்ல வழி.

இரண்டு திரைகள் இருந்தால், அதிகம் பார்ப்பதை நேர் எதிரே வையுங்கள். இரண்டையும் சமமாகப் பயன்படுத்தினால் இரண்டும் சேரும் இடம் மூக்குக்கு நேராக வரட்டும். பில், படிவம் போன்றவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர்கள் அவற்றை மேசையில் படுக்கவைக்காமல், திரைக்கு அருகே ஒரு அட்டைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்தால் கழுத்து பிழைக்கும்.

5. வெளிச்சமும் காற்றும் தொலைபேசியும்

ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும்; உங்களுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு மேசையைத் திருப்புவதே சிறந்தது. திரையை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் விளக்கோ ஜன்னலோ தெரிந்தால், அதுதான் நாள் முழுவதும் உங்கள் கண்ணைச் சிரமப்படுத்துகிறது.

ஏசியின் காற்றோ மேசை விசிறியின் காற்றோ நேராக முகத்தில் அடித்தால் கண்கள் வறண்டுபோகும். அதன் திசையை மாற்றுங்கள்.

பயண முகவர் அலுவலகம், வாடிக்கையாளர் சேவை போன்ற இடங்களில், தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்வதைப் பார்க்கிறோம். கழுத்துக்கு இதைவிடக் கெடுதலான பழக்கம் குறைவு. ஒரு சாதாரண ஹெட்செட் இதைத் தீர்த்துவிடும்.

லேப்டாப்பும் ரைஹால் பலகையும்

லேப்டாப்பின் வடிவமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால், கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிய வேண்டும். கண்ணுக்குச் சரியான உயரத்தில் வைத்தால் தோளைத் தூக்க வேண்டும். அரை மணி நேர வேலைக்கு இது பெரிய விஷயமில்லை. எட்டு மணி நேரத்துக்குச் சரிவராது.

குர்ஆனை ஓத அமரும்போது நாம் என்ன செய்கிறோம்? ரைஹால் பலகையில் உயர்த்தி வைத்து ஓதுகிறோம். குர்ஆனுக்குச் செய்யும் கண்ணியம் அது. அதோடு ஓதுபவரின் கழுத்தும் அதிகம் குனியாமல் காக்கப்படுகிறது. லேப்டாப்புக்கும் அதுபோல் ஒரு தாங்கி வேண்டும். அதன் மேல் லேப்டாப்பை வைத்துத் திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் இணைத்துக்கொள்ளுங்கள். தாங்கிக்குப் பதிலாக உறுதியான ஒரு மரப்பெட்டியையும் வைக்கலாம். புத்தகங்களை அடுக்கி வைப்பவர்கள், அவற்றில் மார்க்க நூல்கள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து பணிபுரியும் சகோதர சகோதரிகள் பலர் கட்டிலில் சாய்ந்தும், பாயில் அமர்ந்து குனிந்தும் வேலை செய்கிறார்கள். வளைகுடாவில் ஓர் அறையில் பலராகத் தங்கியிருப்பவர்களுக்குக் கட்டிலைத் தவிர வேறு இடமே இருப்பதில்லை. தரையில்தான் அமர வேண்டும் என்றால் சுவரில் முதுகைச் சாய்த்து, இடுப்புக்கு ஒரு தலையணை வைத்து, லேப்டாப்பைச் சிறு மேசையில் ஏற்றி வையுங்கள். கட்டிலைத் தூங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையையாவது வேலைக்கென ஒதுக்கிக்கொள்வது நல்லது. வீட்டில் உள்ளவர்களும் இதற்கு இடம் தந்து உதவ வேண்டும்.

எந்த நிலையும் நெடுநேரம் வேண்டாம்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு, அசையாமல் நான்கு மணி நேரம் அமர்ந்தால் வலி வரத்தான் செய்யும். மிகச் சரியான இருக்கை நிலையும் நீண்ட நேரம் நீடித்தால் தவறான நிலையாகிவிடும். நின்றுகொண்டே வேலை செய்யும் உயரமான மேசை வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். நாள் முழுவதும் நின்றால் காலும் இடுப்பும் வலிக்கும். மாறி மாறி இருப்பதுதான் தீர்வு.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடமாவது நில்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பின் பின்புறம் வைத்து மெதுவாகப் பின்னோக்கி வளையுங்கள். தோள்களைப் பின்பக்கமாக நான்கைந்து முறை சுழற்றுங்கள். விரல்களை விரித்து மூடுங்கள். தாடையைக் கீழே சாய்க்காமல் தலையை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி நிறுத்தி விடுங்கள். மேசையில் பெரிய பாட்டில் தண்ணீர் வைப்பதற்குப் பதிலாகச் சிறிய குவளை வைத்தால், நிரப்பவாவது எழுந்து நடப்போம். பக்கத்து அறையில் இருப்பவருக்கு மெயில் அனுப்பாமல் நேரில் போய்ப் பேசுவதும் நல்ல வழி.

இந்த விஷயத்தில் அல்லாஹ் நமக்குச் செய்திருக்கும் உபகாரத்தைச் சொல்லியாக வேண்டும். தொழுகை உடற்பயிற்சிக்காகக் கடமையாக்கப்பட்டதல்ல; அது இபாதத். ஆனாலும் லுஹருக்கும் அஸருக்கும் இருக்கையை விட்டு எழுந்து, உளூச் செய்து, பள்ளிக்கு நடந்து, நின்று, குனிந்து, ஸஜ்தா செய்து திரும்புபவரின் உடலுக்கும் கண்ணுக்கும் மனதுக்கும் கிடைக்கும் ஓய்வு கண்கூடானது. வேலைப் பளுவைக் காட்டி ஜமாஅத்தைத் தவறவிட்டு, கடைசி நேரத்தில் மேசை ஓரத்தில் அவசரமாகத் தொழுபவர் மறுமையின் நன்மையோடு இந்த ஓய்வையும் இழக்கிறார். அதேசமயம், காலை ஒன்பதரைக்கு அமர்ந்தால் லுஹர் வரை மூன்றரை மணி நேரம் இருக்கிறது. தொழுகைக்கு எழுவதோடு, இடையிடையே எழுவதும் அவசியம்.

அலுவலகத்துக்கு வெளியேயும் அசைவு வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு பெரியவர்களுக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஃபஜ்ரு தொழுதுவிட்டு அரை மணி நேரம் வேகமாக நடந்து வீடு திரும்புவதை வாரத்தில் ஐந்து நாட்கள் செய்தால் 150 நிமிடம் நிறைவாகிவிடும்.

கண்களின் உரிமை

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் கண் சிமிட்டுகிறோம். திரையில் கவனமாக இருக்கும்போது அது பாதிக்கும் குறைவாகிவிடுகிறது. மாலையில் கண் எரிச்சல், உறுத்தல், மங்கல் எல்லாம் வருவது பெரும்பாலும் இந்த வறட்சியால்தான். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒரு பொருளை, 20 விநாடிகள் பார்ப்பது எளிய பழக்கம். 20 அடி என்பது சுமார் 6 மீட்டர். அறை சிறியதாக இருந்தால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தையோ எதிர்க் கட்டடத்தையோ பாருங்கள். அப்போது வேண்டுமென்றே சில முறை முழுமையாகக் கண்களை மூடித் திறங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கணினிப் பயன்பாட்டுக்கென அதைத் தாங்கள் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்க கண் மருத்துவக் கழகம் கூறியிருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கண் பரிசோதனை செய்து, சரியான பவர் உள்ள கண்ணாடி வாங்குவது மேல்.

முதலாளிகளாக இருக்கும் சகோதரர்களுக்கு

நம் சமுதாயத்தில் கடை, டிராவல்ஸ், ஏற்றுமதி நிறுவனம் என்று தொழில் நடத்துபவர்கள் நிறைய. நம்மிடம் வேலை செய்பவர்கள் நம் சகோதரர்கள், அவர்களது சக்திக்கு மீறிய சுமையை அவர்கள் மீது ஏற்றக் கூடாது, ஏற்றினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் உள்ளது. சக்திக்கு மீறிய சுமை என்றதும் மூட்டையைத்தான் நினைக்கிறோம். சாய்மானம் உடைந்த நாற்காலியில் பத்து மணி நேரம் ஒருவரை அமர்த்துவதும் சுமைதான்.

ஐரோப்பிய சமூக நாடுகள் 1990லேயே திரை முன் வேலை செய்வோருக்கான விதிகளை வகுத்தன. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஊழியரின் பணியிடத்தை ஆராய்ந்து குறைகளைச் சரிசெய்வதும், இடையிடையே ஓய்வோ வேறு வேலையோ அமைத்துத் தருவதும், ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வதும் நிறுவனத்தின் கடமை. சட்டம் கட்டாயப்படுத்தியதால் பிறர் செய்வதை, அல்லாஹ்வின் திருப்தியை நாடி நாம் முன்வந்து செய்யலாம் அல்லவா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதலாளியின் அறைக்குப் புதிய சோபா வாங்கும் முன், கணக்கு எழுதும் பிள்ளையின் நாற்காலியை ஒருமுறை அமர்ந்து பாருங்கள். உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, கால் பலகை, ஹெட்செட் ஆகிய மூன்றிலிருந்து தொடங்கலாம். ஊழியர் ஐந்து நிமிடம் எழுந்து நடந்தால் அதை நேர விரயமாகப் பார்க்காதீர்கள். வலியோடு அமர்ந்திருப்பவரின் வேலையில்தான் பிழை அதிகம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பணியிடத்தைச் சரிசெய்தும் சில வாரங்களில் வலி குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவதும், இரவில் அந்த மரப்பால் தூக்கம் கலைவதும் மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். இடுப்பிலிருந்து கால் வரை மின்சாரம் பாய்வது போன்ற வலி, கையிலோ காலிலோ பலம் குறைதல், காய்ச்சலோடு அல்லது காரணமில்லாத எடைக் குறைவோடு முதுகு வலி ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடைகளின் உட்புறமும் மறைவிடமும் மரத்துப்போனாலோ அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி மாத்திரையை நாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாற்காலியில் அமர்ந்து தொழுவது பற்றிய சந்தேகம் உள்ளவர்கள், எந்த அளவு குனியலாம், தரையில் அமரலாமா என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு, அதன்பின் ஆலிம்களிடம் சட்டத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. ருகூவுக்கு மட்டும் சிரமம் உள்ளவருக்கும் ஸஜ்தாவுக்கே இயலாதவருக்கும் நிலைமை ஒன்றல்ல.

நாளைக் காலை

நாளை அலுவலகம் போனதும் கணினியை இயக்கும் முன் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். முதுகு சாய்மானத்தில் படுகிறதா? பாதங்கள் எதன் மீதாவது முழுமையாகப் பதிந்திருக்கின்றனவா? தோள்கள் தளர்ந்து, முழங்கை கீபோர்டின் உயரத்தில் இருக்கிறதா? திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டாமல், கை நீளத் தூரத்தில் இருக்கிறதா? அடுத்து எப்போது எழுந்திருக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டோமா?

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் கணவரிடமோ மகனிடமோ பேசும்போது, "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா?" என்று கேட்கும் தாய்மார்களும் சகோதரிகளும், "எப்படி உட்கார்ந்து வேலை பாக்குறீங்க?" என்றும் கேட்டுப் பாருங்கள். யாரும் கேட்காத கேள்வி என்பதால், கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அல்லாஹ் தந்த இந்த உடலை அவனுக்குப் பிரியமான வழியில் பயன்படுத்தவும், கடைசி மூச்சு வரை நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து அவனைத் தொழவும் நம் அனைவருக்கும் அவன் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.